பால் புத்தகம் ஒட்டிய பலகை

தோட்டத்து ஆபீசில் பழைய புத்தகங்களுக்குக் காவல் இருப்பது செத்த மாட்டை மேய்க்கிற மாதிரி வேலை, இனி யார் கேட்கப் போகிறார்கள் என்று நாம் கண்ணயரும்போதுதான் ஒருவர் வந்து நின்று, "என் மாடு எங்கே?" என்பார்.

ஒரு பிறப்புச் சீட்டுக்காக ஆபீஸ் வாசலில் கால்கடுக்க நின்றவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவன் கல்நெஞ்சக்காரன் என்று திட்டியிருப்பீர்கள். ஐயா, உள்ளே இருந்தவனும் அலமாரியைக் குடைந்துகொண்டுதான் இருந்தான். தேடுகிற காகிதம் கிடைக்காது என்று அவனுக்கு உங்களுக்கு முன்பே தெரியும், அவ்வளவுதான்.

மலாயாவில், காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டையிட்ட அவசரகாலத்தில், மெர்லிமாவ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் கணக்கெழுதும் சின்னக் கிராணி. விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுகிற செக்ரோல், பிறப்பு இறப்புக் குறிப்புகள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைப் புத்தகங்கள், ஊருக்குப் போன கடிதங்களின் நகல்கள், எல்லாம் என் அலமாரியில். அவற்றில் மிஞ்சியவை இப்போது மலாக்காவில் ஒரு வட்டார வரலாற்றுக் காப்பகத்தில், ஏர்கோன் போட்ட அறையில் சுகமாக இருக்கின்றன. நான்தான் புக்கிட் பெருவாங்கில் காற்றாடிக்கு அடியில் வியர்த்துக் கிடக்கிறேன். அந்தக் காகிதங்கள் எனக்குக் கொடுத்த அதிர்ச்சிகளைச் சொல்கிறேன். அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். விஷயம் நடந்ததுதான்.

ஒரே கோட்டு

எல்லாருக்கும் படம் ஒட்டிய அடையாளக் கார்டு வேண்டும் என்று உத்தரவு வந்தது. மலாக்கா டவுனிலிருந்து படக்காரர் ஒருவர் பெட்டியும் கறுப்புத் துணியுமாக வந்து இறங்கினார். அரசாங்கத்துக்குப் போகிற படம், வெறும் பனியனோடு நிற்கலாமா என்று ஆண்களுக்குக் கூச்சம். பெரிய கிராணியார் தம் கல்யாணக் கோட்டைக் கொடுத்து உதவினார். தோட்டத்து ஆண்கள் அத்தனை பேரும் அந்த ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்தார்கள். மத்தியானத்துக்குள் கோட்டு வியர்வையில் ஊறி, ஆள் இல்லாமலே நாற்காலியில் நிமிர்ந்து உட்காரும் பதத்துக்கு வந்துவிட்டது. சன்னாசி என்று ஒரு ரப்பர் பால்வெட்டுக்காரன், அகலமான தோள், அதிகம் பேசாத ஆள். அவன் கையை நுழைத்ததும் முதுகு நட்டநடுவே டர்ரென்று கிழிந்தது. படத்தில் முதுகு தெரியாதே என்று அதற்குப் பிறகும் ஐம்பது பேர் அதையே போட்டார்கள்.

சில மாதம் கழித்து ஒரு வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி ஆபீசுக்குள் வந்து படங்களை மேசைமேல் சீட்டுக்கட்டுபோல் பரப்பினார். அவர் முகத்தில் ரத்தம் இல்லை. எல்லாருக்கும் ஒரே கறுப்புக் கோட்டு, எல்லாக் கோட்டிலும் இரண்டாவது பொத்தான் இல்லை. காட்டுக்காரர்கள் உங்கள் ஆட்களுக்குச் சீருடை தைத்துக் கொடுத்திருக்கிறார்கள் என்றார். எங்கள் துரை என்னைப் பார்த்தார். காப்பாற்றியவர் ஆட்களை மேய்க்கிற மண்டோர் கோவிந்தன்தான். கைகட்டி நின்றபடியே சொன்னார்: "தொரே, கோட்டு ஒண்ணுதாங்க. உள்ளாற இருக்கிற ஆளுங்கதான் வேற வேற."

தமிழ் தின்னும் கரையான்

ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளுக்குப் பலகைச் சுவர். இடுக்கு வழியே காற்றும் மூட்டைப்பூச்சியும் வரும். தீபாவளிக்கு முன்னால் கடையில் சாமான் மடித்த சீனப் பத்திரிகைகளைச் சேர்த்து, மரவள்ளி மாவைக் காய்ச்சிச் சுவரில் ஒட்டுவது வழக்கம். அந்த வருஷம் பக்கத்துத் தோட்டத்தில் ஒருவனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அவன் தலைமாட்டில் ஒட்டியிருந்த சீனப் பத்திரிகையில் ஏதோ ஆகாத செய்தியாம். அவனுக்குத் தமிழே வாசிக்கத் தெரியாது. சேதி வந்த அன்றே எங்கள் லயத்துச் சுவர்கள் எல்லாம் நிர்வாணமாகிவிட்டன. பெண்கள் திரண்டு என்னிடம் வந்தார்கள். "போலீஸ் பாத்தாலும் வம்பு வராத காயிதமாக் குடுங்க ஐயா" என்றார்கள்.

தோட்டத்துப் பழைய புத்தகங்களைவிட வம்பில்லாத காகிதம் உலகத்தில் உண்டா? ஜப்பான்காரன் வருவதற்கு முந்தைய புத்தகங்கள் ஓர் அலமாரி நிறையக் கிடந்தன. கேட்க நாதியில்லை. தாராளமாகக் கிழித்துக் கொடுத்தேன். தீபாவளிக்குப் பத்து லயமும் கோடு போட்ட காகிதத்தில் பளபளவென்று இருந்தன. துரை கேட்டபோது, எல்லாம் கரையான் அரித்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். சாதாரணக் கரையான் இல்லை, அலமாரியையே ஒரு முழம் நகர்த்தி வைத்த கரையான் என்றும் சேர்த்துக்கொண்டேன். துரை எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார். மேல்தட்டில் கம்பெனியிலிருந்து வந்த இங்கிலீஷ் கடிதங்கள் ஒரு மூலைகூட மடியாமல் இருந்தன. அவர் அதில் ஒன்றை எடுத்துப் புரட்டிவிட்டுத் தம் தோட்டத்துத் தமிழில் கேட்டார்: "கிராணி, உன் கரையான் தமிழ் மட்டும்தான் திங்குமா?"

சந்தனம் பூசிய முகங்கள்

இது என் வாய்க்கொழுப்பால் வந்தது. அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு முதல்நாள் மண்டோர் கோவிந்தன் வந்து, கத்தி, வாளி, செக்ரோல் எல்லாம் கோயிலில் வைத்தாயிற்று, இன்னும் என்ன வைக்கலாம் என்று கேட்டார். நான் சும்மா இல்லாமல், "கத்தி இல்லாம ஒரு நாள் ஓட்டிரலாம் மண்டோரே, கார்டு இல்லாம ஓட்ட முடியுமா? அதையும் வைங்க" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் காலையில் பார்க்கிறேன், மாரியம்மன் காலடியில் தோட்டத்து ஆட்களின் அடையாளக் கார்டுகள் வரிசையாக விரித்துக் கிடக்கின்றன. ஒவ்வொரு முகத்திலும் சந்தனம், நடுவில் குங்குமம். பூஜையில் வைத்ததை மறுநாள்வரை தொடக்கூடாது. அன்றைக்குத் தோட்டத்தில் ஒருத்தர் கையிலும் கார்டு இல்லை.

அந்த நாள் பார்த்துச் சன்னாசி சைக்கிளை எடுத்துக்கொண்டு மெர்லிமாவுக்குப் பூஜைப் பொரி வாங்கப் போனான். முள்வேலி வாசலில் நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிளுக்கு அவனைத் தெரியும், விட்டுவிட்டார். திரும்பும்போது நேரமாகிறதென்று ரப்பர் மரங்களுக்கு நடுவே குறுக்கே வந்திருக்கிறான். போலீஸ் வளைத்துக்கொண்டது. சோற்றுப் பருக்கைகூட வேலிக்கு வெளியே போகக் கூடாது என்றிருந்த காலம். கையில் கார்டு இல்லை, கேரியரில் ஒரு மூட்டைப் பொரி. காட்டுக்காரர்களுக்கு அரிசி கடத்துகிறான் என்று முடிவுகட்டிவிட்டார்கள். செய்தி வந்து, பூஜையைக் கலைத்து அவன் கார்டை எடுத்துக்கொண்டு ஓடினோம். அதிகாரி கைக்குட்டையை நனைத்துச் சந்தனத்தைத் துடைத்தார். சந்தனத்தோடு மூக்கும் வந்தது. கைரேகை மையும் சேர்ந்து கரைந்தது. திருத்திய கார்டு என்று எழுதிக்கொண்டு, சன்னாசியை லாரியில் ஏற்றினார்கள். ஏறும்போது அவன் என்னைப் பார்த்துச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ஐயா, பொரி நமுத்துப் போயிரும், புள்ளைங்களுக்குக் குடுத்திருங்க."

சுவரைப் படித்த கதை

ஒரு வாரத்தில் அவன் மனைவி அஞ்சலை ஆபீஸ் படியில் வந்து உட்கார்ந்தாள். மலாக்காவில் விசாரணைக் குழு கூடுகிறது. சன்னாசி இந்த மண்ணில் பிறந்தவன் என்று காகிதம் காட்டினால் இந்தியாவுக்குக் கப்பலேற்ற முடியாது. மலாக்கா அப்போது நேரடி வெள்ளைக்காரச் சீமை, இங்கே பிறந்தவனுக்கு அந்தச் சலுகை உண்டு. காகிதம் இல்லையென்றால் நாகப்பட்டணம். அவன் நாகப்பட்டணத்தைக் கனவில்கூடப் பார்த்ததில்லை. அங்கே அவனுக்கு ஒரு நாயும் சொந்தமில்லை. ஆஸ்பத்திரிப் புத்தகங்கள் ஜப்பான் காலத்தில் எரிந்துபோயின. "எங்க மாமியா சொல்லும், ஆயாக் கொட்டாயிப் பாலு குடிச்சுத்தான் இவரு வளந்தாருன்னு. அந்தப் பால் புத்தகம் உங்ககிட்டதானே இருக்கும், கிராணி ஐயா?" என்றாள். எனக்குத் தலையில் இடி இறங்கியது. பிரசவமான பெண் முப்பதாம் நாள் வேலைக்குத் திரும்பும்போது பிள்ளையைக் கொட்டகையில் விடுவாள். அன்றைக்கே எந்த லயத்தில், யாருக்கு, எப்போது பிறந்த பிள்ளை என்று பால் புத்தகத்தில் எழுதுவார்கள். அதைத்தான் நான் கிழித்துக் கொடுத்திருந்தேன்.

விசாரணைக்கு மூன்று நாள் இருந்தது. அஞ்சலை விளக்கைப் பிடிக்க, நான் வீடு வீடாகச் சுவரைப் படித்தேன். அடுப்புக்கரி படிந்த சுவர், சாமி படத்துக்குப் பின்னால் இருந்த சுவர், ஒன்றையும் விடவில்லை. மண்டோர் கோவிந்தன் வீட்டில், ஒரு நாள் வேலைக்கு வராதவனை ஒரு மாதம் திட்டுகிற அந்த மனிதரின் தலைமாட்டிலேயே, அவர் அப்பா கள் குடித்துவிட்டுத் தொடர்ந்து ஒன்பது நாள் பெரட்டுக்கு வராத பக்கம் ஒட்டியிருந்தது. வாசித்துக் காட்டவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் பச்சையம்மா என்று ஒருத்தியின் வீட்டில் கிடைத்தது. பத்தாம் லயம், அம்மாக்கண்ணு, ஆண் பிள்ளை. சன்னாசியின் அம்மா பேர் அம்மாக்கண்ணுதான். அஞ்சலை அங்கேயே தரையில் விழுந்து கும்பிட்டாள்.

உரித்தெடுக்கலாமென்று நகத்தால் நெம்பினேன். மரவள்ளிப் பசை சிமெண்டாக இறுகியிருந்தது. ஓர் எழுத்து பிய்ந்து வந்தது. பலகையோடு பெயர்த்தால்தான் உண்டு. பச்சையம்மா குறுக்கே நின்றுகொண்டாள். அந்தப் பலகைக்கு அந்தப்பக்கம் குடியிருந்தவள் அவள் ஓரகத்தி ராக்கு. இரண்டு பேருக்கும் ஏழு வருஷமாகப் பேச்சு கிடையாது, முகம் பார்ப்பதும் கிடையாது. அஞ்சலை தன் கூறைச் சேலையைக் கொண்டுவந்து, "அக்கா, இதக் கட்டி மறச்சிக்கங்க" என்று நீட்டினாள். பச்சையம்மா அதைத் தொடக்கூட இல்லை. "அவ மூஞ்சிய நான் பாக்குறதுக்கு, உன் புருசன் கப்பல்லயே போவட்டும்" என்றாள்.

மாவு போகாது

அஞ்சலை அவள் வாசலிலேயே படுத்துவிட்டாள். பொழுது விடிவதற்குள் பச்சையம்மாவுக்கு என்ன தோன்றியதோ, கடப்பாரையை அவளே எடுத்துக் கொடுத்தாள். ஓர் ஆள் உயரப் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு நானும் அஞ்சலையும் வேலி வாசலுக்கு வந்தோம். புதிதாக வந்திருந்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள் மலாய்க்காரர், கண்டிப்பானவர். பலகையை முகர்ந்தார். நகத்தால் சுரண்டினார். நாக்கில் வைத்துப் பார்த்தார். சுரண்டிய இடத்துக்கு ஓர் அங்குலம் தள்ளித்தான் அம்மாக்கண்ணு இருந்தாள். பஸ் வளைவில் ஹாரன் அடிக்கிறது. அதை விட்டால் அடுத்த பஸ்ஸுக்குள் விசாரணை முடிந்துவிடும். அவர் நிதானமாக மலாயில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "பலகை போகலாம் கிராணி. அதில் ஒட்டியிருக்கிற மரவள்ளி மாவு போகக் கூடாது."

மூன்று கோடு

மண்டோர் கோவிந்தன் ஓடிவந்து ஜாமீன் நின்றார். மாலைக்குள் மாவு திரும்ப வந்துவிடும் என்று எழுதிக் கொடுத்துத்தான் பஸ் ஏறினோம். விசாரணை அறையில் மேசைக்குப் பின்னால் மூன்று பேர், பக்கத்தில் எங்கள் துரை, எதிரே சன்னாசி. பலகையைச் சுவரில் சாத்தினேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார். தோட்டத்து ஆவணம் எப்படிச் சமையற்கட்டுச் சுவருக்குப் போனது என்று கேட்டார்கள். கரையான் கதையை இங்கேயும் சொன்னால் என் வேலை மிஞ்சும், சன்னாசி மிஞ்ச மாட்டான். நான்தான் கிழித்துக் கொடுத்தேன், கார்டைக் கோயிலில் வைக்கச் சொன்னதும் நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். துரை என் பக்கம் திரும்பவே இல்லை. அவருடைய காது மட்டும் சிவந்துகொண்டே போனது.

அதோடு முடிந்ததா? பிள்ளைக்குப் பேர் எழுதவில்லையே, இந்த அம்மாக்கண்ணு பெற்றது இவன்தான் என்று எப்படி நம்புவது என்றார் தலைவர். குனிந்து பலகையில் அடுத்த வரிகளை முதல்முறையாக ஒழுங்காகப் படித்தேன். அந்தக் காலத்து ஆயாவுக்கு எழுத வராது. அவர் சொல்லச் சொல்ல அப்போதைய கிராணி அப்படியே எழுதியிருந்தார். வாய்விட்டுப் படித்தேன்: "மாந்தம். இரண்டு நாள் பால் நிறுத்தம். அம்மாக்கண்ணு யாரையும் கேளாமல் பிள்ளைக்குச் சூடு போட்டாள். வயிற்றில் போட வேண்டியது. பிள்ளை புரண்டதால் இடதுபக்கம் பிட்டத்தில் மூன்று கோடாக விழுந்துவிட்டது. புத்தி சொன்னேன்."

மொழிபெயர்ப்பாளர் அதை இங்கிலீஷில் சொல்வதற்குள் இரண்டுமுறை தண்ணீர் குடித்தார். தோட்டத்தில் வயிற்றில் சூட்டுத் தழும்பு இல்லாத ஆள் கிடையாது. ஆனால் குறி தவறிப் போட்ட சூடு ஒருவனுக்குத்தான் இருக்க முடியும். சன்னாசி வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோடு சுவராக நின்றான். அஞ்சலை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவளுக்குத் தெரியாததா? அவள் தோள் குலுங்கியது அழுகையாலா சிரிப்பாலா என்று எனக்குத் தெரியாது. கைதிகளுக்கு மருந்து போடும் டிரெஸர், நம் ஆள்தான், சன்னாசியைத் திரைக்குப் பின்னால் கூட்டிப் போனார். அம்மி நகர்கிற நேரம் ஆனதுபோல் இருந்தது. பிறகு திரைக்கு மேலே அவர் தலை மட்டும் எழும்பியது. "இருக்குங்க ஐயா. மூணும் இருக்கு, எண்ணிப் பாத்துட்டேன்" என்றார்.

சுவர் இல்லாத வீடு

சன்னாசியை விட்டுவிட்டார்கள். பலகையை விடவில்லை, சாட்சிப் பொருளாம். மாவு திரும்பாததற்கு மண்டோர் கோவிந்தன் வேலி வாசலில் வாங்கிய வசவு தனிக்கதை. எனக்கு மூன்று வருஷம் சம்பள உயர்வு கிடையாது என்று துரை எழுதிவிட்டார். நியாயம்தான்.

மறுநாள் சன்னாசி புதுப்பலகை ஒன்றை அறுத்துச் சுமந்துகொண்டு பச்சையம்மா வீட்டுக்குப் போனான். சுத்தியலும் ஆணியுமாக நானும் போனேன், செய்த பாவத்துக்கு அதையாவது செய்யலாமென்று. கிட்டப் போகும்போதே கூச்சல். ஓட்டைக்கு இந்தப்பக்கம் பச்சையம்மா, அந்தப்பக்கம் ராக்கு. ஏழு வருஷத்துக்கு முந்தைய ஒரு மாவரைக்கும் கல்லைப் பற்றிய வழக்கு நேருக்கு நேர் நடந்துகொண்டிருந்தது. இரண்டு பேர் குரலிலும் அப்படி ஒரு தெம்பு. சன்னாசி பலகையை ஓட்டையில் பொருத்தப் போனான். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அவன்மேல் பாய்ந்தார்கள். பச்சையம்மாதான் சொன்னாள்: "யோவ், எட்டப் போ! ஏழு வருசப் பாக்கி இருக்கு, அதுக்குள்ள என்னய்யா பலகை?"

கண்ணாடிக்குள்

அந்தச் சாட்சிப் பலகை எந்தெந்த ஆபீஸ் மூலையில் கிடந்ததோ, வருஷக்கணக்கில் சுற்றி, கடைசியில் நான் சொன்ன காப்பகத்துக்கே வந்து சேர்ந்துவிட்டது. அங்கிருந்து எனக்கு அழைப்பு வந்தது. சன்னாசியையும் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். இப்போது அவனுக்கும் பல் இல்லை, எனக்கும் இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் பலகை படுத்திருந்தது. மேலே விளக்கு. சன்னாசி தொட்டுக் கும்பிடப் போனான். அங்கே வேலை செய்யும் தமிழ்ப் பெண், "தாத்தா, தொடாதீங்க லா, அலாரம் அடிக்கும்" என்றாள். அவன் எட்ட நின்றே கும்பிட்டான். அஞ்சலை இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு பஸ் நிறைய வந்து பெட்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். அந்தப் பெண் விளக்கச் சீட்டை மலாயில் ஒருமுறை, இங்கிலீஷில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை உரக்க வாசித்தாள். சீட்டு எழுதியவர் மனசாட்சிக்காரர், ஒரு வரி விடவில்லை. மாந்தம், மூன்று கோடு, எந்தப் பக்கம், எந்த இடம், எல்லாம் மூன்று மொழியிலும் இருந்தது. வாசித்து முடித்துவிட்டு, "அந்தச் சன்னாசி தாத்தா இதோ நம்ம கூடவே இருக்காரு" என்று கையைக் காட்டினாள். நாற்பது தலைகள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. நாற்பதும் அவன் பின்பக்கம் போய் நின்றன. சன்னாசி முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, என் சட்டையைப் பிடித்தான். "கிராணி ஐயா, அன்னிக்கே கப்பல் ஏத்தி விட்டிருந்தா, நாகப்பட்டணத்துல ஒருத்தனுக்கும் இது தெரிஞ்சிருக்காதே!" என்றான்.

ஆளைக் காப்பாற்றிய காகிதம் எதுவும் அவன் மானத்தையும் சேர்த்துக் காப்பாற்றி நான் பார்த்ததில்லை. இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்க இடம் போதாது போலிருக்கிறது.